நான்காம் அறைக்கு ஒரு முன்னறை

மார்ச் 4, செவ்வாய், காலை 7.10. நான்காம் அறையின் அழுத்தம் வராந்தாவைவிட எட்டு பாஸ்கல் அதிகம். உள்ளே இருப்பவரின் வெள்ளணு எண்ணிக்கை நூறு. நமக்கெல்லாம் நாலாயிரத்துக்குக் குறையாது.

புற்றுநோய்ப் பிரிவின் ஐந்து தனியறைகளுக்கும் காற்று என் பொறுப்பு. வடிகட்டிய காற்றை உள்ளே அழுத்தித் தள்ளுகிறோம். கதவைத் திறந்தால் அது வெளியேதான் பாயும். வராந்தாக் கிருமி உள்ளே வராது. நான்காம் அறையில் இருப்பவர் தொழிலில் வெல்டர், ரத்தப் புற்றுநோய், வயது முப்பத்து நான்கு. வெல்டர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

"வாங்க காத்துக்காரரே, இன்னைக்கு எத்தனை?"

எட்டு என்றேன்.

"உங்க மெஷினுக்காவது நம்பர் ஏறுதே."

நோயாளிகள் ஜோக் அடித்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிவதில்லை. குழாயைச் சரிபார்ப்பதுபோல் நின்றேன்.

மார்ச் 6. அக்காவுக்கு இடுப்பின் இடப்பக்கம் அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி இத்தனை வருடம் உடம்புக்குள் பதுங்கியிருந்து, எதிர்ப்புசக்தி போனதும் எழுந்திருக்கிறது. கட்டுப் போட்டு, நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். ஒரே இடத்தில் இருக்கும்வரை தொட்டால்தான் ஒட்டுமாம். என் வேலை இல்லை.

மார்ச் 7. நேற்று 'என் வேலை இல்லை' என்று எழுதிய கையை என்ன செய்வது?

காலையில் அளவு எடுக்கப் போனேன். அக்கா சட்டையை ஒதுக்கித் தன் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கொப்புளம். "அந்தப் பக்கத்துலேர்ந்து தாண்டிடுச்சு" என்று மணியை அழுத்தினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்த ரூம் காத்து வெளியதானே போகும்?"

"ஆமா."

"அப்ப என் கிருமியும் போகுமே. பக்கத்து ரூம்ல அந்தக் காலேஜ் பொண்ணு இருக்கு."

அக்கி உடம்பெங்கும் பரவினால் காற்றிலும் பரவும். மற்ற நாலு அறையிலும் வெள்ளணு இல்லாதவர்கள். எட்டு பாஸ்கல், எட்டு பாஸ்கல் என்று பீற்றிக்கொண்ட எனக்கு இது உறைக்கவில்லை. ஜுரத்தில் கிடப்பவருக்கு உறைக்கிறது.

தலைமை நர்ஸ் வந்ததும் முதல் கேள்வி: "உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?" அம்மாவுக்கு போன் போட்டேன். "போட்டுச்சுடா. உனக்கு வந்தது பத்தாதுன்னு உன் தங்கச்சிக்கும் குடுத்துட்டுதான் எந்திரிச்ச." சரி, நான் அங்கே இருக்கலாம்.

காற்றை அப்படியே விட்டால் மற்றவர்களுக்கு ஆபத்து. உள்பக்கமாகத் திருப்பினால் வராந்தாத் தூசியும் பூஞ்சையும் அக்காவின் மேல். நர்ஸிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா குறுக்கிட்டார்.

"என்னைச் சாதா வார்டுல போட்டுடுங்க. அவங்க நல்லாருக்கட்டும்."

"அங்க போனா நீங்க செத்துடுவீங்க."

சொல்லிவிட்டேன். நர்ஸ் முறைத்த முறைப்பு— அக்கா சிரித்தார். "உண்மைய சொல்ற ஆளு ஒருத்தராவது இருக்காரே." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "தொட்டிக்குள்ள இறங்கி வெல்டிங் பண்ணுவோம். புகை மேல நிக்கிறவங்க மூஞ்சில அடிக்கக் கூடாது. வெளித் தூசி பத்தவைக்கிற இடத்துல விழக் கூடாது. தொட்டி வாய்லயே குழாயப் போட்டு ரெண்டையும் உறிஞ்சிடுவோம். இங்க வாய்னா கதவுதானே?"

கதவுக்கு வெளியே ஒரு முன்னறை. அதில் உறிஞ்சும் விசிறி, வடிகட்டி. அறைக்காற்றும் அதற்குள் போகும், வராந்தாக் காற்றும் அதற்குள் போகும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்து நான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் போனிலேயே சம்மதித்தார். குழாய்ச் சட்டம், பிளாஸ்டிக் விரிப்பு, ஐந்து மணி நேரம். அக்கா கண்ணாடி வழியே மேஸ்திரி வேலை பார்த்தார்: "வலது மூலை சாயுது." சாய்ந்துதான் இருந்தது. மதியம் 3.40: முன்னறையின் அழுத்தம் மைனஸ் ஆறு. உறிஞ்சுகிறது.

மார்ச் 11. கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. ஆக்ஸிஜன். பேச முடியவில்லை. கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக் கையை மட்டும் திருப்பினார் — எத்தனை? ஆறு விரல் காட்டினேன். தலையாட்டினார். தன் மூச்சைவிட அந்தப் பெண்ணின் கதவுதான் அவருக்கு முக்கியம். எப்படிப்பட்ட மனுஷி.

மார்ச் 12. ஆறு.

மார்ச் 13. இன்று கேட்கவில்லை. தூக்கம் என்கிறார் நர்ஸ். தூக்கம்தானா? நாலு தடவை போய் நின்றேன். அளவு எடுக்க இல்லை.

மார்ச் 17. கொப்புளங்கள் பொருக்குத் தட்டுகின்றன. ஆக்ஸிஜனைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வெள்ளணு நானூறு.

ஏப்ரல் 4. கிருமி தொற்றியிருந்தால் வெளியே தெரிய ஆகும் இருபத்தெட்டு நாள் முடிந்தது. நாலு அறையிலும் ஒருவருக்கும் ஒரு கொப்புளம் இல்லை. தடுப்பு மருந்தும் கொடுத்தார்கள், அதனால்தான் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அக்கா நேற்றே வீட்டுக்குப் போய்விட்டார், வாசல்வரை தன் காலால் நடந்து.

இனிச் செய்ய வேண்டியவை:

1. திங்களன்று முன்னறையின் வரைபடத்தை அலுவலகத்தில் கொடுப்பது. 'வடிவமைப்பு' என்ற இடத்தில் அக்காவின் பெயர். என் பெயர் 'பொருத்தியவர்'.
2. ஐந்து அறைக்கும் அதேபோல் நிரந்தரமாக ஒன்று கேட்பது. இல்லையென்றால் உயிரை வாங்குவது.
3. இருபத்தொன்றாம் தேதி அடுத்த சுற்று மருந்துக்கு அவர் வருகிறார். அதற்குள் நான்காம் அறை வடிகட்டியை மாற்றுவது.
4. அவற்றின் இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்ய வெளி ஆள் யாரையும் அமர்த்தாமலிருப்பது. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகட்டும். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறார்.