வண்டிக்கும் விருந்து

விழுப்புரம்
9.6.86

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம் என்று வழக்கம்போல் எழுத முடியவில்லை.

நேற்று உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நானும் வெள்ளையம்மாளும் திரும்பினோமல்லவா? விக்கிரவாண்டி தாண்டியதும் நம் பிக்கப் தானாகவே அலற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அடங்கவில்லை. சாவியைத் திருப்பி எடுத்து, டீசலையும் நிறுத்தினேன். சாவி கையில் இருக்கிறது மாமா, இஞ்சின் ஓடுகிறது. வெள்ளைப் புகையில் ரோடே தெரியவில்லை. உங்கள் மகள் பயந்துபோய்க் குதித்துவிட்டாள். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்ட பிறகுதான் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

எண்ணெயில்தான் கோளாறு, நாளைக்குப் பிரித்துப் பார்க்கலாம் என்கிறார் பட்டறை ராஜாமணி. எண்ணெய் மாற்றுவது என் தம்பி நடராசன் பொறுப்பு. ஆறு லிட்டர் பிடிக்கும், ஆறுதான் ஊற்றினேன் என்று சாதித்தான். பொய் சொல்லாதே, வீட்டில் இருக்காதே என்றேன். போய்விட்டான்.

தங்கள் மருமகன்,
அரங்கநாதன்

திண்டிவனம்
12.6.86

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

கடிதத்தைப் படித்தோம். உங்கள் அத்தை அடுப்பே மூட்டவில்லை. குழந்தை வெள்ளையம்மாளுக்குக் கை வலி எப்படி இருக்கிறது?

நடராசனை அனுப்பியது சரிதான். பொறுப்பில்லாத பிள்ளை. நல்லவேளை, எண்ணெய் குறைந்திருக்க வழியே இல்லை. நீங்கள் வந்து சாப்பிட்டுக் கண்ணயரும்போதெல்லாம் பம்புசெட்டுக்கு வைத்திருக்கும் டின்னிலிருந்து ஒரு லிட்டர் உங்கள் வண்டிக்கும் ஊற்றிவிடுவேன். மாப்பிள்ளை வயிறு நிறைந்து போகும்போது வண்டி காய்ந்து போகலாமா? சொல்லிக்காட்டுவதாக ஆகிவிடுமே என்று சொல்லவில்லை. நான் கவனிக்காவிட்டால் அந்த இஞ்சின் எப்போதோ ஜாம் ஆகியிருக்கும்.

இப்படிக்கு,
சுப்பராயலு

விழுப்புரம்
15.6.86

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துத்தான் படித்தேன். ராஜாமணி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எரிந்தது போக அவர் வடித்த எண்ணெயே ஏறக்குறைய ஒன்பது லிட்டர். நடராசன் எண்ணெய் மாற்றிய பிறகு மூன்று தடவை உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அளவுக்கோட்டுக்கு மேல் போனால் எண்ணெய் இஞ்சினுக்குள் மேலேறி, டீசலைப்போல அதுவே எரியுமாம். அப்புறம் எதை அணைத்தாலும் நிற்காதாம். நீங்கள் உபசாரம் செய்திருக்கிறீர்கள் மாமா, உங்கள்மேல் கோபப்படவும் தெரியவில்லை. வெள்ளையம்மாள் சிரித்தாள், பிறகு அழுதாள். எனக்கு இரண்டும் வரவில்லை. தம்பி எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை.

அரங்கநாதன்

திண்டிவனம்
22.6.86

மாப்பிள்ளைக்கு,

என் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. என் மகளை நானே ரோட்டில் தள்ளப் பார்த்திருக்கிறேன்.

நடராசன் கோட்டக்குப்பத்தில் ஒரு மரவாடியில் லாரி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டு நேற்றுப் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லி, வயதைப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டேன். பதறிப்போய், என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். அண்ணியின் கை தேவலையா என்று கேட்டான். என்மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்டுக்கு வா, அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாமல் நடந்துவிட்டது என்று கெஞ்சினேன்.

"நீங்க ஊத்தினது அண்ணனுக்குத் தெரியாதுதான் மாமா. நான் பொய் சொல்றவன் இல்லேன்னு அவருக்குத் தெரியுமில்ல?" என்றான்.

நான் மட்டும் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

சுப்பராயலு