ரெண்டு தலையணை உறை

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கு நான் அடித்த ஜோக்கை எழுதி வைக்காவிட்டால் இந்த டைரியே வீண். நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிற மருந்து கம்பெனிக்காரர் சும்மா கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு கண் படம். எழுதுவதை யாரோ முறைத்துப் பார்ப்பது போலிருக்கிறது. பார்க்கட்டும், என் கையெழுத்து அதற்கும் புரியாது.

காலையில் எல்லோரும் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மாமனார் மாடிப்படிக்கு எதிரே தன் நாற்காலியில், கையில் பேப்பர். என் வீட்டுக்காரர், கொழுந்தன், நான். மாடியிலிருந்து சின்னவள் இறங்கி வந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. எனக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்ததால் சின்னவள். வழக்கமான சுடிதார் இல்லை. வெண்ணெய் நிறத்தில் ஒரு பேன்ட். சாதாரண பேன்ட்டா அது? ஒவ்வொரு காலிலும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். அவள் ஒரு படி இறங்கினால், துணி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே இறங்குகிறது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னடி, தலையணையைக் காணோம், உறை மட்டும் ரெண்டு தனியா நடந்து வருது?"

மாமனாருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. கொழுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் வீட்டுக்காரர் சிரிப்பதற்கே அனுமதி கேட்கிற ஆள், அவரும் சிரித்தார். சின்னவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. "எதையோ மறந்துட்டேன்" என்று திரும்ப மேலே போனாள்.

ஆஸ்பத்திரியில் பெரிய சிஸ்டரிடமும் சொன்னேன். அவரும் சிரித்தார். நான் ரேடியோவில் இருக்க வேண்டியவள்.

மார்ச் 4, செவ்வாய்

சின்னவள் டீக்கு வரவில்லை. தலைவலியாம்.

மார்ச் 6, வியாழன்

தலைவலி எல்லாம் இல்லை. தலைவலி நான்தான்.

காலையில் குழாயடியில் அவள் வாளியிடம் பேசினாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். இருந்தாலும் வாளியிடம்.

"சில பேருக்குக் கை காலெல்லாம் ஒப்புக்குத்தான் இருக்கு. வேலை பூரா வாய்தான் பாக்குது."

வாளி ஒன்றும் சொல்லவில்லை. நான் குழாயைப் பார்த்துச் சொன்னேன், "விளையாட்டுக்குச் சொன்னதைக்கூடத் தாங்க முடியலைன்னா, மனுஷங்க எப்படித்தான் ஒரே வீட்டுல இருக்கறதோ."

பாதி நிரம்பின வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜாடைப் பேச்சுக்கு வந்துவிட்டோம். நானும் அவளும்! மாமியார் இருந்த காலத்தில் அவரைப் பற்றி ஜாடையில் பேசிக்கொண்ட கூட்டாளிகள் நாங்கள். ஒரு ஜோக்குக்கா? ஒரு துளி ஜோக்குக்கா?

மார்ச் 8, சனி

இன்றைக்கு நான் விழுந்தேன்.

கண்ணில் மருந்து விட்டால் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மங்கலாகிவிடும். அப்படி உட்கார்ந்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து டாக்டர் அறையில் கொண்டுபோய் விடுவது என் வேலை. இன்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார். பெண்பிள்ளை கையைப் பிடிக்க மாட்டாராம். சரி, இதைப் பிடியுங்கள் என்று முந்தானையைக் கொடுத்தேன். வழியில் யாரோ வம்பு பேசினார்கள், நான் நின்றேன். அவர் நிற்கவில்லை. அவர் போன பக்கம் முந்தானை போனது, முந்தானை போன பக்கம் நான் போனேன். துடைப்பம், வாளியெல்லாம் வைக்கிற அறைக்குள் இரண்டு பேரும் விழுந்தோம். தரையில் உட்கார்ந்தபடியே அவர் எதிரே சாய்த்து வைத்திருந்த தரை துடைக்கிற மாப்புக்கு வணக்கம் சொல்லி, "டாக்டரம்மா, இடது கண்ணுதான் தொந்தரவு" என்றார்.

பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. "அவருக்கு ஒண்ணு ஆகியிருந்தா? திங்கக்கிழமையிலேர்ந்து பேன்ட் சட்டை போட்டுக்கிட்டு வா."

"இந்த உடம்புக்கா சிஸ்டர்?"

"உடம்பை மாத்தச் சொல்லலையே."

மார்ச் 9, ஞாயிறு

துணிக்கடைக்குத் தனியாகப் போனேன். எப்போதும் சின்னவள்தான் கூட வருவாள். அவள் துணியைக் கசக்கிப் பார்ப்பாள், தையலை இழுத்துப் பார்ப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நான் கடைக்காரர்களை வம்புக்கு இழுப்பேன். அப்படித்தான் எங்கள் வேலைப் பங்கீடு.

முதலில் ஒட்டினாற்போல ஒரு பேன்ட் கொடுத்தார்கள். போட்டதும் கழற்றினதும் ஒரே போராட்டம். நடுவில் கொஞ்ச நேரம், இனிமேல் இந்தத் தட்டியடைத்த அறைக்குள்ளேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான் என்று நினைத்தேன். கடைப்பெண் கதவுக்கு மேலே வேறொன்றைப் போட்டாள்.

அகலக் கால் பேன்ட். தலையணை உறை!

"வேற இல்லையாம்மா?"

"போட்டுப் பாருங்கக்கா. இடுப்புக்கு மேல ஏத்திப் போடணும், அப்பதான் காலு நீளமாத் தெரியும்."

"இடுப்பு எங்க இருக்குன்னு நான் பாத்தே வருஷமாச்சு. நீயே ஒரு இடம் காட்டு."

கருநீலம். முன்பக்கம் இரண்டு மடிப்பு, கனமான, வழுக்கி விழுகிற துணி. கண்ணாடி முன்னால் திரும்பினேன். நான் திரும்பி முடித்த பிறகு துணி திரும்பி, மெதுவாக வந்து காலோடு நின்றது. இத்தனை பெரிய உடம்பைச் சுற்றி இவ்வளவு அமைதி. அடிப்பாவி என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் ஏன் அத்தனை மெதுவாகப் படி இறங்கினாள் என்று சட்டென்று புரிந்தது.

"எப்படிடீ?" என்று கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்றது துணி மாட்டின பொம்மை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கண்ணாடி முன்னால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றுதான் நீளம் பார்த்தேன். அந்த உயரத்துக்கு வாங்கியாயிற்று. வீட்டுக்கு வந்தது என் சொந்த உயரம்.

மார்ச் 10, திங்கள்

புடவையில் கிளம்பி, பேன்ட்டைப் பையில் ஒளித்துக் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் மாற்றினேன். அன்று அப்படிச் சிரித்துவிட்டு, இன்று நானே அதில் படியிறங்க முடியுமா? கீழே குடியிருக்கிற எனக்கு இறங்கப் படி இல்லைதான். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

தொடைக்கு மேலே ஏறவே இல்லை. கடைப்பெண்ணைத் திட்டித் தீர்த்தேன். நேற்று ஏறினது இன்று ஏறவில்லை என்றால், ஒரே இரவில் நான் அவ்வளவா சாப்பிட்டேன்? பிறகு பார்த்தால், பக்கத்தில் ஒரு கால் சும்மா தொங்குகிறது. பாவாடை பழக்கம். இரண்டு காலையும் ஒரே காலுக்குள் விட்டிருக்கிறேன்.

மிச்ச நீளத்தை உள்ளே மடித்து ஊக்கு குத்தினேன். நடந்தால் ஊக்கு என்னைக் குத்தியது.

மார்ச் 12, புதன்

கண்ணில் மருந்து விட்டவர்கள் முன்னால் மட்டும் ராணி மாதிரி நடக்கிறேன்.

கை இன்னும் முந்தானையைத் தேடுகிறது. சண்டைக்குப் போகும்முன் இழுத்துச் செருக ஒன்றுமில்லை, பாதிக் கோபம் அதிலேயே போய்விடுகிறது. ஆனால் பை இருக்கிறது! இரண்டு பக்கமும், கை மணிக்கட்டு வரை போகிறது. இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். யாரிடம் சொல்ல?

மார்ச் 14, வெள்ளி

வேலையிலிருந்து வரும்போது கொழுந்தன் படியில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, அன்னிக்கு அவ எங்க கிளம்பினான்னு தெரியுமா?"

எனக்கு எங்கே தெரியும்.

ஒரு பெரிய விளக்குக் கடையில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வருகிறவர்களுக்குக் கடையைச் சுற்றிக் காட்டுகிற வேலை. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். கிடைத்த பிறகு சொல்லலாம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்கென்று வாங்கின பேன்ட் அது. மேலே போனவள் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பேர் முன்னால் இறங்கினதற்கே இப்படி, கடையில் எத்தனை பேர் முன்னால் நடக்க வேண்டும் என்றாளாம். போகவே இல்லை.

"நீயும்தானே தம்பி சிரிச்ச?"

"அதான் அண்ணி. சோறு போடறா. பேச மாட்டேங்கறா."

மார்ச் 15, சனி

பெரிய ஜோக்காம். எழுதி வேற வச்சிருக்கேன் பாரு, முதல் பக்கத்துல. கிழிச்சுப் போடலாம்னு எடுத்தேன். கிழிச்சா என்ன, அவ திரும்பிப் போயி அந்தக் கடையில நிப்பாளா? இத்தனை வருஷம் வீட்டுக்குள்ளயே இருந்தவ, ஒரு நாள் தைரியமா இறங்கினா. நான் படியடியிலேயே உக்காந்திருந்தேன், தடுக்கி விடறதுக்குன்னே.

சாப்பாடு இறங்கலை. அவர் கேட்டார், "என்ன, பேச்சையே காணோம்? வீட்டுல ஏதோ மெஷின் நின்ன மாதிரி இருக்கு."

மார்ச் 16, ஞாயிறு

ஞாயிறு மதியம் எல்லோருக்கும் கீழேதான் சாப்பாடு. இப்போதெல்லாம் சின்னவள் வந்து இரண்டு தட்டில் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறாள். அவள் வருகிற நேரம் பார்த்து, வெளிப்படி வழியாக மொட்டை மாடிக்குப் போய், அங்கேயே ஒரு மூலையில் பேன்ட்டை மாட்டிக்கொண்டேன். ஊக்கு குத்தவில்லை. வேண்டுமென்றேதான். பிறகு உள்படி வழியாக, அன்று அவள் இறங்கின அதே படியில், அதே மாதிரி மெதுவாக இறங்கினேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை! என் வாய்க்குப் பயந்த குடும்பம். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "யாரு வேணும்?" என்றார்.

கடைசிப் படிகளுக்கு முன்னால் என் பேன்ட் காலையே மிதித்தேன். மிச்சப் படிகளை உட்கார்ந்தபடியே இறங்கினேன், டொம் டொம் என்று.

"சிரிங்க. அன்னிக்கு அவ்வளவு சிரிச்சீங்கல்ல, இப்ப என்ன? ரெண்டு உறை, இதுல தலையணையும் உள்ளயே இருக்கு. சிரிங்க மாமா!"

அதற்குப் பிறகு மாமனார் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

சின்னவள் இரண்டு தட்டோடு நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால் நுனியையே பார்த்தாள்.

"நீளம் ஜாஸ்தி."

வாளியிடம் இல்லை. என்னிடம்! சொல்லிவிட்டு மேலே போனாள்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் பேன்ட்டைத் துவைத்து, ஒளிக்காமல் மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன், புடவையில். பெரிய சிஸ்டர் முறைத்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் கொடியில் இல்லை. மாடியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். கீழே நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இருட்டுவதற்குள் கொடியில் திரும்ப வந்துவிட்டது. நீளம் வெட்டி, உள்ளே மடித்து, வெளியே தையலே தெரியாமல். இரண்டு கால் நுனியிலும் கிளிப் போட்டு, காலுக்கொன்றாகத் தலையணை உறை தொங்கிக்கொண்டிருந்தது. பூப்போட்டது. என்னுடையதுதான், என் கட்டிலிலிருந்து எப்போது உருவினாளோ.

மொட்டை மாடியில் தனியாக நின்று சிரித்தேன். அப்புறம் அழுதேன். உறை இருந்தது, துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

அதைப் போட்டுக்கொண்டே மேலே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். ஆனால் என் வாய்க்கு அது பழக்கமில்லாத வேலை. "வந்து... அந்த விளக்குக் கடை..." என்று இழுத்தேன்.

"அங்க வேற ஆளைப் போட்டுட்டாங்க."

"நான் வேணா போய்ப் பேசிப் பாக்கட்டுமா? தப்பு என் மேலதான்னு..."

"நீங்க பேசினது போதும்க்கா."

கொஞ்ச நேரம் தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "எல்லாரும் சிரிச்சதுகூடப் பரவாயில்ல. உங்ககிட்டதான் முதல்ல காட்டணும்னு இறங்கி வந்தேன்."

எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு! எழுதி வைக்க வேண்டிய விஷயம் இதுதான்.

"திரும்புங்க" என்றாள். திரும்பினேன். "நடங்க." நடந்தேன். "படி ஏறும்போது முன்னால தூக்கிப் பிடிச்சீங்களா? அது புடவை இல்ல. விடுங்க, அதுபாட்டுக்கு வரும். சட்டையை முன்பக்கம் உள்ள விடுங்க."

"உள்ள இடம் இல்லடி."

சிரித்தாள். சத்தம் வராமல்தான். ஆனாலும் கணக்கில் சேரும்.

ஏப்ரல் 7, திங்கள்

கம்பளம், திரைச்சீலை விற்கிற கடையிலிருந்து சின்னவளை வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வர வேண்டுமாம். ஒரு நிபந்தனை, வாயைத் திறக்கக் கூடாது.

வெண்ணெய் நிறப் பேன்ட். அதே பேன்ட். தெருமுனை மருந்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார், எதிரே வந்த இரண்டு பெண்கள் பார்த்தார்கள். அவள் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. கண்ணில் மருந்து விட்டவர்கள் பிடிக்கிற மாதிரிப் பிடி. அந்தப் பிடி எனக்குத் தெரியும். இழுக்கக் கூடாது, வேகத்தைக் குறைத்தால் போதும்.

பஸ் வரும்போது கேட்டாள், "எப்படிக்கா இருக்கேன்?"

நாக்கு நுனியில் மூன்று ஜோக் வரிசையில் நின்றது. மூன்றும் நல்ல ஜோக். முழுங்கினேன்.

"நல்லா இருக்க."

"அவ்வளவுதானா?" என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

சரி என்று ஒன்றை மட்டும் சொன்னேன். இங்கே எழுத மாட்டேன், அது அவளுக்குச் சொன்னது. சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். துணி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே ஏறியது.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் இரண்டு டப்பாவில் சாப்பாடு கட்டினேன். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று கம்பளக் கடைக்கு. நேரமாகிவிட்டது என்று அவளைக் கூப்பிட மேலே போனேன், இரண்டு பேருமாக இறங்கினோம்.

நாலு தலையணை உறை படி இறங்குவதைப் பார்த்ததும், மாமனார் டீ டம்ளரைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டார்.