நல்லா இருப்பது போலவே

அக்கா,

கை வீங்காமலிருக்க மாட்டும் இறுக்கமான உறையை இன்று காலை துவைத்துக் கொடியில் போட்டேன். ஈர ரப்பர் வாசனை வந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில்தான் உங்களைப் பார்த்தேன். இருவருமே புற்றுநோயால் ஒரு மார்பை அறுத்து எடுக்கவேண்டி வந்தவர்கள். சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றச் சொன்னார்கள். தோள் உயரம் வருமுன்பே நான் அழுதுவிட்டேன். நீங்கள் பக்கத்தில் வந்து நின்று, "நேத்து எங்க நின்னுச்சோ, அதுக்கு ஒரு வெரக்கடை மேல. அவ்ளோதான்" என்றீர்கள்.

அதன்பிறகு வீடு திரும்ப ஒன்றாகவே உத்திரமேரூர் பஸ் ஏறுவோம். திருப்புலிவனத்தில் நீங்கள் இறங்கிவிடுவீர்கள்.

வைத்தியம் முடிந்த நான்காம் மாதமே களையெடுக்கப் போனீர்கள். இடுப்பு வலி என்றீர்கள். குனிந்து வேலை செய்தால் வலிக்காதா என்று நீங்களே சிரிக்கவும் செய்தீர்கள். நானும் நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

இரண்டு முறை பரிசோதனைக்கு நீங்கள் வராததால் தை மாதம் வீட்டுக்கே தேடி வந்தேன். படுத்திருந்தீர்கள். நோய் எலும்புக்குப் போய்விட்டதாக உங்கள் மகள் சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வலி என்றால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், பிள்ளைகளும் பயந்துபோவார்கள் என்றீர்கள். பேசவே மூச்சு வாங்கியது.

"எல்லாரும் நான் நல்லாயிட்டேன்னு நெனச்சிக்கினு கீறாங்க. அவங்களுக்கோசரம் நல்லா கீறமாரியே இருந்துட்டேன். நீ அப்டி இருக்காத. முடிலன்னா முடிலன்னு சொல்லிடு."

பங்குனியில் போய்விட்டீர்கள்.

என் வீட்டிலும் எல்லாம் முடிந்துவிட்டதாகவே நினைக்கிறார்கள். சமையலும் மாடும் தண்ணீரும் என்னிடமே திரும்பிவிட்டன. களைப்புதான் போகவில்லை, தூங்கி எழுந்தாலும் உடம்பிலேயே கிடக்கிறது. முந்தாநாள் அறுப்பு ஆட்களுக்குச் சோறு வடிக்க, அண்டாவைத் தூக்கச் சொன்னார் அத்தை. கை கனத்துக் கிடந்தது.

"என்னால முடில அத்தே" என்றேன்.

அத்தை தன் மகனை, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து தூக்கினார். யாரும் குறை சொல்லவில்லை. சொல்வார்களோ என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நீங்கள் போனபிறகு ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்வந்தேன். அடுத்த வாரம் பரிசோதனை. துணைக்கு வாங்க என்று நேற்று அவரிடம் கேட்டேன், அக்கா. கூச்சமாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டேன்.