சிவந்த காலில் தேய்த்த எண்ணெய்

என் பிரியமான அண்ணா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் லாரியை விற்றாயிற்று. அண்ணி தையல் வேலைக்குப் போகிறார். நான் தர்மபுரியில் அதே மசாஜ் சென்டரில்தான் இருக்கிறேன்.

போன வாரம் மொரப்பூரிலிருந்து ஒரு அம்மா இடுப்பு வலி என்று வந்தார். லைட்டைப் போட்டுப் பார்த்தேன். பாவாடை நாடா கட்டும் இடமெல்லாம் படர்தாமரை. "தோல் டாக்டரப் பாத்து, ஆறுனதுக்கப்புறம் வாங்க. இப்ப தேச்சா மத்த எடத்துக்கும் பரவும்ங்க" என்றேன். "தொடறதுக்கே கூசுதா கண்ணு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொடவில்லை.

முன்பின் தெரியாதவர்களிடம் இந்தத் துணிச்சல் இருக்கிறது. உன்னிடம் ஏன் இல்லாமல் போயிற்று?

அன்று காலை, தொப்பூரில் வண்டிகள் நகரவே இல்லை என்று அலுத்து வந்தாய். வலது கெண்டைக்கால் சிவந்து வீங்கியிருந்தது. குதிகால் வெடிப்பில் சீழ். தொட்டால் அனலாகச் சுட்டது. உனக்கோ சர்க்கரை. அப்படிப்பட்ட காலில் கை வைக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று பயிற்சியின் முதல் வாரமே படித்தவள் நான். உன்னிடமும் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் தேச்சுவுடற. கூடப்பொறந்தவன் கேட்டா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்ற" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அது பொறுக்காமல் எண்ணெயைச் சூடாக்கினேன். சாயங்காலம் உனக்குக் குளிர்சுரமும் உளறலும். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூன்றாம் நாள் உன் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நான் தேய்த்ததாலா? அப்போதே இழுத்துக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "செல்வி தேச்சுவுட்டப்பறம்தான் அவரு கொஞ்சம் கண்ணசந்தாருங்க. ராசியான கை அவளுது." நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

நேற்று அண்ணியின் கணுக்காலில் சிவப்பாக ஒரு தடிப்பு. "டாக்டரெல்லாம் எதுக்கு? அவருக்குச் செஞ்சாப்ல நீயே தேச்சுவுடு" என்று காலை நீட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. சண்டை போட்டு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஏன் அப்படிக் கத்தினேன் என்று அண்ணிக்கு இன்னும் புரியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி எதிரில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக்காட்டுவேன், அண்ணா. அதன்பிறகு என்னை வாசலோடு அனுப்பினாலும் போகிறேன்.

உன் கோபத்துக்குப் பயந்து உன்னைப் பறிகொடுத்த தங்கை,
செல்வி