ஒரு காணி ஆட்சேபணை

ஜூன் 12, 2024
புறவழிச்சாலைக்கு எங்கள் நிலத்தை எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்துவிட்டது. சோரியாங்குப்பத்தில் இருக்கும் இந்த ஒரு காணிக் கரும்பை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை. ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாமாம். வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். "நல்லா காரமா எழுது ரஞ்சனி" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சம்மந்தம் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

ஜூன் 14
'அப்ஜெக்ஷன்' என்று எழுதிவிட்டு அதன் வேரைப் போனில் தேடினேன். லத்தீனாம். எதிரே வீசிப் போடுவது என்று அர்த்தம். பொருளை 'அப்ஜெக்ட்' என்பதும் அதே வேர்தான், கண்ணெதிரே கிடப்பது. இவரிடம் சொன்னேன்.
"எதிர்ல இன்னாத்த போடறது? நம்மகிட்ட இன்னா இருக்குது?"
சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 3
எழுதிக் கொடுத்தாயிற்று.

ஜூலை 25
அளக்க வந்திருக்கிறார்கள். நான் பாகூர் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், கடவுளே, டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவர்! சர்வேயருக்கு எல்லைக்கல் எங்கே என்று தெரியவில்லையாம். இளநீர் வேறு வெட்டிக் கொடுத்திருக்கிறார்.
"நம்ம நெலத்துக்கு வந்தவங்கள வெயில்ல அலைய வுடறதா?"
எதிர்ல போடச் சொன்னா பாய் போட்டு உக்கார வெச்சிருக்கீங்களேன்னு கத்திட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் யாரை எதிர்க்க?

ஆகஸ்ட் 20
விசாரணை. அதிகாரி தன்மையானவர்தான். "நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா எல்லையக் காட்டினதே உங்க வீட்டுக்காரர்தானாமே?"
"ஆமாங்கய்யா, நான்தான் காட்டுனேன்." பெருமையாகச் சொல்கிறார்! எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

செப்டம்பர் 9
தள்ளுபடி. வழியில் கிடக்கும் பொருள் நாங்கள்தான் போலிருக்கிறது.

ஜனவரி 21, 2025
கரும்பு வெட்டியாயிற்று. இவர் கட்டைக்குத் தண்ணீர் விடுகிறார். அதே கட்டையிலிருந்து மறுதாம்புக் கரும்பு தழையுமாம். யாருக்கு? கேட்க மனசு வரவில்லை.

பிப்ரவரி 18
ரோடு போட மிஷின் வந்துவிட்டது. இவர் போய் அதன் எதிரே நின்றார். நிஜமாகவே நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.
டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். இவர் நகரவில்லை. அவன் வண்டியை ஒடித்து வாய்க்கால் ஓரமாகத் திருப்பினான். இவர் பதறிப்போய் ஓடினார்.
"யப்பா, அங்க ஈரம்பா, வண்டி பொதஞ்சிடும்! இப்படி வா, கட்டை மேலயே வா!"
கையைக் காட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார்.