பையில் இருந்த பீஸ் கட்டை

தோட்டத்துக் கொட்டகையில் இன்னொரு பிளக் பாயிண்ட் வைக்க இன்று தண்டலத்திலிருந்து எலக்ட்ரீஷியன் வந்திருக்கிறார். சுவரைத் துளைத்த தூசியும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ இறந்துபோன செய்தி உன் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

மண்ணூரில் என் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தவன் நீ. ஒரகடத்துக் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை. கொட்டகையில் பிளக் பாயிண்ட் முழங்காலுக்குக் கீழே இருந்தது. "மழைத்தண்ணி ஏறிச்சுன்னா ஆபத்து அண்ணாச்சி. லீவு நாள்ல நானே நெஞ்சளவுக்குத் தூக்கி வச்சிருதேன்" என்றாய். சும்மா செய்து தருகிறேன் என்றதுதான் எனக்கு உறுத்தியது. கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உன் அறை, அதற்குத் தனி மீட்டர். என் மீட்டரிலிருந்து கரண்ட் இழுக்கப் பார்க்கிறாயோ? யார் நல்லது செய்தாலும் உள்நோக்கம் தேடுகிற புத்தி எனக்கு.

வேலை தொடங்குமுன் கரண்ட் வராதபடி மெயினில் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். "எங்க கம்பெனில இப்படித்தான். வேலை முடியுத வரைக்கும் இது எங்கிட்டதான் கெடக்கும்" என்றாய். நான் எதையும் சோதித்துவிடக் கூடாதென்று எடுத்துப் போகிறாய் என்றே நினைத்தேன். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்தேன். அலமாரியில் கிடந்த பழைய கட்டை ஒன்றை மெயினில் சொருகினேன். எல்லாம் அணைந்த பிறகும் கரண்ட் ஓடி மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னினால் நீ திருடன். உன் கை வெறும் வயரில் இருக்கும் என்ற நினைப்பே வரவில்லை, சத்தியமாக.

அலறினாய். கட்டையைப் பிடுங்கி ஒளித்துவிட்டு ஓடிவந்தேன். தரையில் கிடந்தாய், இரண்டு விரல் கருகியிருந்தது.

"இன்னா ஆச்சுப்பா?" என்று என் மனைவி பதறினாள்.

நீ பையைத் தொட்டுப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "ஒண்ணுமில்ல மதினி, என் கவனக்குறைவுதான்" என்றாய்.

கட்டை உன் பையில் இருக்கும்போது கரண்ட் எப்படி வந்தது என்று நீ கேட்கவே இல்லை. மறுவாரம் கட்டுப்போட்ட கையோடு வேலையை முடித்தும் கொடுத்தாய். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் கருப்பட்டி கொண்டுவந்தாய். அதையும் நான் சந்தேகத்தோடுதான் தின்றேன்.

மன்னித்துத்தான் பேசாமல் இருந்தாயா? கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வேன் என்று பயந்தாயா? இது ஒன்றை என்னால் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. நீ திருடவில்லை. நான்தான் கரண்டைப் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் இருந்தது. நீ சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாய்.