என் கை படாத பெட்டியில் என் எழுத்து

செவ்வாய், இரவு. மழை.

தூக்கம் வரவில்லை. கே.கே. நகர் கிளினிக்கிலிருந்து ஒரு மெஷினின் பவர் சப்ளை வந்தது. சுற்றிலும் ஈயம் வைத்து அடைத்த பெரிய தகரப் பெட்டி. “போன மாசம் உங்க கடையில பாத்ததுதாண்ணே, மறுபடி போயிருச்சு” என்றார் கொண்டுவந்தவர். நான் அதைப் பார்த்ததே இல்லை. கடைக் கூட்டாளி செல்வம் தலை நிமிரவில்லை.

இவ்வளவு பெரிய மூடியைத் தனியாளாகத் திறக்க முடியாது. ஒரு பக்கம் ஈயம் உருகுவதற்குள் மறுபக்கம் இறுகிவிடும். ஆளுக்கொரு சால்டரிங் அயனோடு நானும் செல்வமும் எதிரெதிரே உட்காருவோம். திரும்ப அடைக்கும் முன், இந்த வேலைக்கு நாங்கள் பொறுப்பு என்பதற்கு அடையாளமாக, மூடியின் உள்பக்கம் இருவரும் பெயரின் முதல் எழுத்தை ஊசியால் கீறுவோம். கடை வைத்த நாளிலிருந்து அப்படித்தான்.

இன்றும் சேர்ந்தே திறந்தோம். மூடிக்கும் போர்டுக்கும் நடுவே காப்புத் தாள் வைக்காமல் அடைத்திருந்ததால் போர்டு மூடியில் பட்டுக் கருகிக் கிடந்தது. மூடியில் ‘செ’. பக்கத்திலேயே ‘ர’.

“கூட யாரு மாப்ள இருந்தது?”

“என் மச்சினன்தான்டா. நீ ஊருக்குப் போயிருந்தேல்ல.”

“என் எழுத்து எதுக்கு?”

“கைப்பழக்கத்துல கீறிட்டேன் ரவி. இதுக்குப் போயி இம்புட்டு கோவமா?”

கைப்பழக்கமாம். ‘ர’வின் காலை நான் நீளமாக இழுப்பேன். அதையும் பார்த்துப் பார்த்து அப்படியே இழுத்திருக்கிறான்.

சரிசெய்து முடித்ததும் ஊசியை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

நாளை மில்லிலிருந்து இதைவிடப் பெரிய பெட்டி வருகிறது. எதிரே அவன்தான் உட்காருவான்.